பறக்க முடியாத நாட்களில் என் வீடு

வாசலில் எட்டுச் செருப்புகள் கிடந்தால் அன்றைக்குக் காற்று சரியில்லை என்று அர்த்தம். ஆறு அவர்களுடையவை, இரண்டு என்னுடையவை. அவர்கள் பறக்கிற நாளில் என்னுடைய இரண்டு மட்டும் கிடக்கும். அவற்றையும் ஒருமுறை எண்ணிவிட்டுத்தான் உள்ளே போவேன்.

என் வீடு மண்டபம் ஊருக்கு மேற்கே, ரயில் பாதைக்கும் வடகடலுக்கும் நடுவே ஒரு தென்னந்தோப்பில் இருக்கிறது. கடலாடியில் புள்ளியியல் அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பிறகு கட்டிய வீடு. மழையளவு, விளைச்சல், ஆடு, மாடு, கிணறு என்று கணக்கெடுத்தே என் காலம் போனது. வேலை ஓய்ந்தும் எண்ணுகிற பழக்கம் ஓயவில்லை. மனைவி இருந்தவரை, “இதை எண்ணி என்ன ஆகப்போகுது?” என்று அதட்டுவாள். அவள் போன பிறகு அதட்ட ஆளில்லாமல் எண்ணிக்கொண்டிருந்தேன். மகன் மஸ்கட்டில் இருக்கிறான். வெள்ளிக்கிழமைகளில் பேசுவான். உடம்பு எப்படி என்பான், பரவாயில்லை என்பேன். அதற்கு மேல் இரண்டு பேருக்கும் ஒன்றும் தோன்றாது.

அப்படியிருந்த வீட்டுக்குத்தான் அந்த மூன்று பேரும் வந்தார்கள். முதலாமவர் கீழக்கரைக்காரர். துபாயில் இருபது வருடம் போல இருந்துவிட்டு ஊர் திரும்பியவர். அங்கே பாலைவனத்தில் கற்றுக்கொண்டு வந்தது இந்தப் பறக்கிற ஆசை. இரண்டாமவர் மதுரையில் பல் மருத்துவராக இருக்கும் பெண்மணி. மூன்றாமவருக்குப் பரமக்குடியில் மருந்துக்கடை. மூவரும் நாற்பதைத் தாண்டியவர்கள். கடற்கரைக்குப் பக்கத்தில் சாமான்களைப் போட்டுவைக்க ஓர் இடம் தேடி வந்தவர்கள், என் கூடத்தின் நீளத்தைப் பார்த்ததும் மயங்கிவிட்டார்கள். வாடகை பற்றிப் பேச்செடுத்தார்கள். வேண்டாம், கதவைச் சாத்திவிட்டுப் போனால் போதும் என்றேன்.

கூடத்தின் நீளம் மருந்துக்கடைக்காரருக்காக. கீழக்கரைக்காரரும் டாக்டரும் பறப்பது பாராகிளைடர். துணியால் ஆனது, மடித்தால் ஒரு பெரிய முதுகுப்பைக்குள் அடங்கிவிடும். மருந்துக்கடைக்காரருடையது ஹேங் கிளைடர். அலுமினியக் குழாய்களில் விறைப்பாக இழுத்துக் கட்டிய முக்கோண இறக்கை. அதன் அடியில் குப்புறத் தொங்கிக்கொண்டு பறப்பார். சுருட்டிப் பையில் போட்டாலும் பதினெட்டடி நீளம் இருக்கும். கூடத்தின் குறுக்கே அது கிடந்தால் சமையலறைக்குப் போக நான் அதைத் தாண்டித்தான் ஆக வேண்டும். தாண்டும்போதெல்லாம் முணுமுணுப்பேன்.

எங்கள் பக்கம் மலை கிடையாது. அதனால் ஜீப்பில் ஒரு கயிற்று உருளை பொருத்தி, கடற்கரை மணலில் ஆளைப் பட்டம் போல இழுத்து ஏற்றுவார்கள். ஒருவர் ஜீப்பில், ஒருவர் கயிற்றைக் கவனிக்க, ஒருவர் மேலே. மூவரில் ஒருவர் இல்லாவிட்டாலும் மற்ற இருவரும் தரையில்தான். அதற்கும் மேலே காற்று ஒத்துழைக்க வேண்டும். கடலிலிருந்து கரைக்கு, மெதுவாக, ஒரே சீராக அடிக்க வேண்டும். கரையிலிருந்து கடலுக்கு அடித்தால் ஆளைக் கொண்டுபோய்த் தண்ணீரில் போட்டுவிடும். வாடைக்காற்று மிஞ்சினால் இறக்கை பின்னால் இழுக்கும். காற்றே இல்லாவிட்டால் துணி எழும்பாது. இத்தனை நிபந்தனைகளையும் கேட்டபோது, இவர்கள் பறப்பதைவிட உட்கார்ந்திருப்பதுதான் அதிகம் இருக்கும் என்று கணக்குப் போட்டேன். கணக்கு தப்பவில்லை.

உட்கார்ந்திருந்தது என் வீட்டில்.

அந்த நாட்கள் எப்படி இருக்கும் என்று சொல்கிறேன். சனிக்கிழமை காலை. தென்னை மட்டைகள் ஒன்றோடொன்று மோதிக்கொள்ளும். மருந்துக்கடைக்காரர் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பார்.

“என்ன பாய், இப்படிப் பேயாடுது மட்டை?”

“உங்களுக்கு இதுதான காத்து? ஏறுங்க, நான் இழுத்து விடுறேன்” என்பார் கீழக்கரைக்காரர், படுத்த இடத்திலிருந்து.

“என் இறக்கைக்கு இது சரியான காத்துதான். நீங்கதான் ரெண்டு பேரும் வேட்டியைக் கட்டிக்கிட்டு ஏறுற ஆளுக. உங்களுக்காகத்தான் நான் நிக்கிறேன்.”

“வேட்டியா? துபாய்ல வாங்கினது, பாத்துப் பேசுங்க.”

“துபாய்ல வாங்கினா வேட்டி வேட்டி இல்லாமப் போயிருமா?”

டாக்டர் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்காமல், “ரெண்டு பேரும் வாயிலயே நல்லாப் பறக்குறீங்க” என்பார். பிறகு என்னைப் பார்த்து, “சார், ரயில் வந்துருச்சா?”

ரயில் என் பொறுப்பு. பாம்பன் பாலத்தில் காற்று கூடினால் ரயிலை விட மாட்டார்கள். ராமேஸ்வரத்திலிருந்து வர வேண்டிய வண்டியின் சத்தம் தோப்புக்குப் பின்னால் கேட்கவில்லை என்றால் அங்கே நிறுத்தி வைத்திருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளலாம். அவர்கள் மூவரிடமும் கைப்பேசியில் காற்றைக் காட்டும் படம் இருந்தது. ஆனாலும் என்னிடம் கேட்பார்கள்.

“வரலை. ரயிலே நிக்குது, நீங்க எங்கிட்டுப் பறக்கப் போறீக?” என்பேன்.

இதைச் சொல்வதில் எனக்கு இருந்த சந்தோஷத்தை முகத்தில் காட்டிக்கொள்ள மாட்டேன். காட்டாமல் இருக்க, உடனே ஒரு குறை சொல்வேன். ஈர சாக்ஸை நாற்காலியில் போடாதீர்கள் என்பேன். மின்விசிறி ஓடுகிற இடத்தில் ஆளில்லை என்பேன். தொட்டியில் தண்ணீர் நாலு விரல்தான் இருக்கிறது என்பேன். “வீடு வீடா இருக்கணும், கூடாரமா ஆயிரக் கூடாது” என்று அடிக்கடி சொன்னேன். மூவரும் சாக்ஸை எடுத்துக் கொடியில் போடுவார்கள், விசிறியை நிறுத்துவார்கள். கொஞ்ச நேரத்தில் மறுபடி எல்லாம் பழையபடி ஆகும். நானும் மறுபடி சொல்வேன்.

ஒருமுறை கீழக்கரைக்காரர் கண்ணாடித் தம்ளர் ஒன்றைக் கீழே போட்டுவிட்டார். ஆறில் ஐந்து இருக்கிறது என்று அன்று சாயங்காலம்வரை சொல்லிக்கொண்டிருந்தேன் போலிருக்கிறது. அடுத்த வாரம் ஒரு பெட்டி நிறையத் தம்ளர் கொண்டுவந்தார். பன்னிரண்டு. ஐந்தும் பன்னிரண்டும் பதினேழு, இதை எங்கே வைப்பது என்று கேட்டேன். அவர் மருந்துக்கடைக்காரரைப் பார்த்தார்.

“அடுத்த தடவை அலமாரி ஒண்ணு வாங்கிட்டு வாங்க பாய்” என்றார் மருந்துக்கடைக்காரர். “அதை வைக்க ஒரு ரூமு கட்டணும்பாரு. அப்புறம் சார் வீடு பங்களா ஆயிரும்.”

நானும் சிரித்தேன். அந்தக் கூடத்தில் என் சிரிப்பு எனக்கே யாருடையதோ போல் கேட்டது.

இன்னொரு நாள் பேச்சு பல்லில் வந்து நின்றது. உங்களுக்கு எத்தனை பல் இருக்கிறது என்று டாக்டர் கேட்டார். இருபத்து மூன்று என்றேன், யோசிக்காமல். வாசல் வெளிச்சத்தில் என்னை உட்காரவைத்து வாயைத் திறக்கச் சொன்னார்.

“இருபத்திரண்டு சார்.”

“இல்ல, இருபத்து மூணு. நேத்தும் எண்ணினேன்.”

“பின்னாடி இடது பக்கம் இருக்குறது பல்லு இல்ல. உடைஞ்ச வேர். அது கணக்குல வராது.”

“வேரும் பல்லோட வேருதானம்மா?”

“அப்ப வெட்டுன மரத்தையும் தோப்புக் கணக்குல சேத்துருவீங்களா?”

கீழக்கரைக்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். “சாரோட கணக்குலயே ஓட்டை கண்டுபிடிச்ச முதல் ஆளு நீங்கதான் டாக்டரம்மா, மாஷா அல்லாஹ்!” அவர்கள் போன பிறகு நாக்கால் எண்ணிப் பார்த்தேன். இருபத்து மூன்றுதான் வந்தது.

காற்று சரியாக இருந்தால் இதில் ஒன்றும் கிடையாது. ஜீப் வரும், சாமான்களை ஏற்றும், கடற்கரைக்குப் போய்விடும். சாயங்காலம் முகம் கறுத்து, உதடு வெடித்து வருவார்கள். ஊர் போய்ச் சேர வேண்டுமே என்று அவசரப்படுவார்கள். எனக்கு மிஞ்சுவது மொட்டைமாடியிலிருந்து தென்னந்தலைகளுக்கு மேலே மாறி மாறித் தெரிகிற ஒரு ஆரஞ்சு வளைவு, ஒரு நீல வளைவு, ஒரு முக்கோணம். அவற்றுக்கு நான் தெரியமாட்டேன்.

ஆகவே எனக்கு வேண்டியது காற்று சரியில்லாத நாட்கள். ஆனால் அவை மிஞ்சிவிட்டால் அவர்கள் எதற்காக இந்தக் கடற்கரைக்கு வர வேண்டும்? எத்தனைக்கு எத்தனை இருந்தால் சரியாக இருக்கும் என்று போட்டுப் பார்த்தேன். மூன்று பறக்கிற நாளுக்கு ஒரு பறக்காத நாள். அவர்களுக்கும் நஷ்டமில்லை, எனக்கும் வயிறு நிறையும். இந்த விகிதத்தைக் காற்றிடம் சொல்ல வழியில்லை.

இரண்டாவது வருடம் ஜனவரிக் கடைசியில், குடியரசு தின விடுமுறையோடு ஒட்டி மூன்று பேரும் கூடுதலாக விடுப்புப் போட்டுக்கொண்டு வந்தார்கள். வந்த நாளிலிருந்து வாடை விடாமல் அடித்தது. விசைப்படகுகளுக்கு அனுமதி டோக்கன் கொடுக்கவில்லை. மீனவர்கள் யாரும் கடலுக்குப் போகவில்லை. ரயில் நின்று நின்று போனது. என் வீடு நிறைந்திருந்தது. டாக்டர் உள் அறையிலும் மற்ற இருவரும் கூடத்திலும் படுத்தார்கள். கீழக்கரையிலிருந்து தொதல் வந்தது. தேங்காய்ப் பாலும் கருப்பட்டியும் கிண்டிய அந்த இனிப்பை வெட்டி, பங்குத் துண்டுகளை நான் எண்ணிக் கொடுத்தேன். சீட்டு விளையாடினோம். யார் எந்தச் சீட்டைக் கீழே போட்டார்கள் என்பது எனக்கு நினைவிருந்ததால் நானே ஜெயித்தேன். “சாரை ஆட்டத்துல சேக்கக் கூடாது, இது அரசாங்கத்தோட மோதுற மாதிரி” என்றார் மருந்துக்கடைக்காரர்.

ஆனால் நாள் போகப்போகப் பேச்சு குறைந்தது. விடுப்பு கரைவதை மூவரும் உணர ஆரம்பித்துவிட்டார்கள். கடைசிக்கு முந்தின நாள் சாப்பாட்டுக்குப் பிறகு மருந்துக்கடைக்காரர் தட்டைத் தள்ளி வைத்தார்.

“நான் ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காதீக. தேனிப் பக்கம் மலை இருக்கு. கயிறு வேண்டாம், ஜீப்பு வேண்டாம், ஓடி விழுந்தாப் போதும், பறந்திரலாம். எதுக்கு இங்கன வந்து மட்டையை எண்ணிக்கிட்டு உக்காந்திருக்கோம்?”

“மலையில கடல் தெரியுமா?” என்றார் கீழக்கரைக்காரர்.

“கடலைப் பாக்கணும்னா உங்க வீட்டு மாடியில ஏறிப் பாருங்க பாய். நான் பறக்கணும்.”

டாக்டர் தம்ளரில் இருந்த தண்ணீரைக் குடித்து முடித்தார். பிறகு, “அவர் சொல்றதுலயும் நியாயம் இருக்கு. நாளைக்கு ஒரு நாள் பாப்போம். நாளைக்கும் இப்படின்னா சாமானை ஏத்திருவோம். இனிமே அங்கயே போயிரலாம்” என்றார். கீழக்கரைக்காரர் என்னை ஒருமுறை பார்த்தார். பிறகு, “இன்ஷா அல்லாஹ், பாப்போம்” என்றார்.

தட்டுகளை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனேன். நான்கு தட்டுகள். தண்ணீரைத் திறந்துவிட்டு நின்றுகொண்டிருந்தேன். தேனிப் பக்கத்து மலைகளைப் பற்றி எனக்கு ஒரே விஷயம்தான் தெரியும்: அங்கே யாருடைய கூடத்திலோ அந்தப் பதினெட்டடிப் பை கிடக்கும்.

மறுநாள் விடியுமுன் விழிப்பு வந்தபோது என்னவோ குறைவது போல் இருந்தது. கொஞ்ச நேரம் கழித்துத்தான் புரிந்தது, மட்டைகளின் சத்தம் இல்லை. மாடிக்குப் போனேன். கடல் பக்கமிருந்து காற்று வந்துகொண்டிருந்தது. பலமில்லை. கன்னத்தில் ஈரத்துணியை வைத்து எடுத்தது போல, விட்டுவிடாமல், ஒரே அளவில். கொடியில் காய்ந்த சாக்ஸுகள் எல்லாம் தெற்குப் பக்கமாக ஒரே சாய்வில் நின்றன. இப்படி ஒரு காற்றை அவர்கள் இரண்டு வருடங்களில் கைவிரல் எண்ணிக்கையில்தான் பார்த்திருப்பார்கள்.

கீழே மூவரும் தூங்கிக்கொண்டிருந்தார்கள். இன்றைக்கும் வாடை குறையாது என்று படத்தில் போட்டிருந்ததால் யாரும் அலாரம் வைக்கவில்லை. நான் பேசாமல் இருந்தால் வெயில் ஏறிய பிறகுதான் எழுந்திருப்பார்கள். அதற்குள் காற்று எப்படி மாறுமோ. மாறினால் சாமான்கள் போய்விடும், திரும்பி வராது. எழுப்பினால் இன்றைக்கு வீடு காலி. ஆனால் அவர்கள் இந்தக் கரையை விட்டுப் போக மாட்டார்கள். இதில் யோசிக்க ஒன்றுமில்லை. இருந்தும் படிக்கட்டில் கொஞ்சம் உட்கார்ந்துவிட்டுத்தான் இறங்கினேன். கடைசி நாளாவது எல்லோரும் சேர்ந்து வீட்டில் இருக்கலாமே என்று ஒரு நினைப்பு வந்தது, அதனால்.

“எந்திரிங்க! காத்து வந்திருச்சு!”

கீழக்கரைக்காரர் எழுந்த வேகத்தில் அந்தப் பையில் இடறினார். மருந்துக்கடைக்காரர் லுங்கியோடு வாசலுக்கு ஓடி, கையை உயர்த்திக் காற்றைத் தொட்டுப் பார்த்தார். “சார், உங்க வாய்க்குச் சக்கரை போடணும்!” டாக்டர் முடியை முடிந்துகொண்டே ஜீப்பில் ஏறிவிட்டார். யாரும் டீ குடிக்கவில்லை.

மத்தியானத்துக்குச் சாம்பாரும் பொரியலும் நான்கு பேருக்குச் செய்தேன். வருவார்கள் என்று நினைத்தேன். வரவில்லை. மாடியில் நின்று பார்த்தேன். ஆரஞ்சு ஏறி இறங்கியது, நீலம் ஏறி இறங்கியது, முக்கோணம் வெகுதூரம் கிழக்கே போய்த் திரும்பியது. மறுபடி ஆரஞ்சு. யார் எத்தனை தடவை ஏறினார்கள் என்று எண்ணிக்கொண்டிருந்தேன். கண் கூசியதும் விட்டுவிட்டேன். கீழே வந்து சாப்பிட்டேன். மூன்று பங்கு மிஞ்சியது.

சாயங்காலம் மூவரும் கத்திக்கொண்டே வந்தார்கள். மருந்துக்கடைக்காரர் என் கையைப் பிடித்துக்கொண்டார். “சார், கீழ பாசி தெரியுது, மீன் கூட்டம் தெரியுது. மலையாவது ஒண்ணாவது! தேனியும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். இங்கனதான்.”

“நான் அப்பவே சொன்னேன்ல” என்றார் கீழக்கரைக்காரர்.

“மணலைத் தட்டிட்டு உள்ள வாங்க” என்றேன்.

டாக்டர் வாசற்படியிலேயே நின்று காலைத் தட்டினார். “சார், உங்ககிட்ட இன்னொண்ணு சொல்லணும். கரையிலயே ஒருத்தர் வலை போட்டுவச்ச கொட்டகை இருக்கு. சும்மாத்தான் கிடக்கு. இன்னைக்குப் பேசிட்டோம். இனிமே சாமான் எல்லாம் அங்கயே இருக்கும். காத்து இல்லேன்னா அங்கயே உக்காந்துக்குவோம். ரெண்டு வருசமா உங்களைப் படுத்தி எடுத்துட்டோம்.”

“அதெல்லாம் ஒண்ணுமில்லம்மா” என்றேன்.

“இல்ல சார், நீங்க சொன்னது சரிதான். வீடு வீடா இருக்கணும்.”

மூவரும் என்னைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். நல்ல செய்தி சொன்னவர்களின் முகம். வேண்டாம், இங்கேயே இருங்கள் என்று சொல்ல இரண்டு வார்த்தை போதும். நான், “ஆமா, அதான் நல்லது. கரைக்கும் கிட்ட” என்றேன். பையை வெளியே கொண்டுபோக ஒரு முனையை நானே பிடித்தேன்.

கூடம் இப்போது நேராக நடக்கக் கூடியதாக இருக்கிறது. அவர்கள் என்னை மறந்துவிடவில்லை. போகிற வழியில் ஜீப்பிலிருந்து ஹாரன் அடிப்பார்கள். ஒருமுறை கீழக்கரைக்காரர் இறங்கி வந்து நோன்புக் கஞ்சி கொடுத்துவிட்டுப் போனார். உட்காரச் சொன்னேன். மற்ற இருவரும் கரையில் காத்திருப்பதாகச் சொன்னார்.

போன மாதம் ஒரு சனிக்கிழமை வாடை மறுபடி எழுந்தது. காலையிலிருந்து அறைக்கு அறை நடந்துகொண்டிருந்தேன். இந்நேரம் கொட்டகையில் உட்கார்ந்திருப்பார்கள், மருந்துக்கடைக்காரர் எதையாவது சொல்லிக்கொண்டிருப்பார். சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினேன். எதற்கு வந்தீர்கள் என்று கேட்டால் சொல்ல ஒன்றும் வைத்துக்கொள்ளவில்லை. மணலில் நடக்க எனக்கு இப்போது மூச்சு வாங்குகிறது.

கொட்டகைத் தட்டி கயிற்றால் கட்டியிருந்தது. ஜீப் தடம் இல்லை. இடுக்கு வழியாகப் பார்த்தேன். அடுக்கிய நாற்காலிகள் மூன்று, உத்தரத்தில் தொங்கவிட்ட நீளப் பை, ஒரு தண்ணீர்க் குடம். கைப்பேசிப் படம் இந்த முறை சரியாகச் சொல்லியிருக்க வேண்டும். அவரவர் ஊரிலேயே இருந்துவிட்டார்கள்.

கொட்டகையின் காற்று மறைப்பில் ஒரு வள்ளம் கவிழ்த்துப் போட்டிருந்தது. அதன்மேல் உட்கார்ந்தேன். அலை நுரை பறந்து வந்து மூக்குக்கண்ணாடியில் ஒட்டியது. கொஞ்ச நேரம் கழித்து ஒரு மீனவர், தோளில் நைலான் கயிற்றுச் சுருளோடு அந்தப் பக்கமாக வந்தார். நடுவயது ஆள். முன்பின் பார்த்ததில்லை. நின்று என்னைப் பார்த்தார், கொட்டகையைப் பார்த்தார்.

“என்ன அய்யா, நீங்களும் பாராசூட்டு ஆளா?”

“ஆமா” என்றேன்.

“இந்த வயசுலயா?” என்று சிரித்தார். “அப்ப ஏறலையா?”

நான் கடலைப் பார்த்தேன். பிறகு அவர்கள் செய்வதுபோல முகத்தைத் திருப்பி, இரண்டு காதிலும் காற்றின் இரைச்சலை வாங்கிப் பார்த்தேன்.

“வாடை மிஞ்சிருச்சுப்பா. இன்னைக்கு ஏறினா இறக்கை பின்னால இழுக்கும்.”

“எங்களுக்கும் டோக்கன் இல்ல. சரி, உக்காந்திருங்க, நான் வாரேன்.”

“நாளைக்கு அடங்கும்னு நினைக்கிறேன்” என்றேன் அவர் முதுகைப் பார்த்து.

அவர் காதில் விழுந்ததா தெரியவில்லை. கயிற்றைத் தோள் மாற்றிக்கொண்டு நடந்தார். நான் எழுந்திருக்கவில்லை.